இலத்திரனியற் கழிவும் எமது பொறுப்பும்

மனிதன் ஒரு பொருளை ஆக்குவது பற்றியும் பயன்படுத்துவது பற்றியும் சிந்தித்த அளவுக்கு அதனைக் கழிப்பது பற்றிச் சிந்தித்தானல்லன். அவ்வாறு சிந்திக்க வேண்டிய தேவையும் நெடுங்காலம் அவனுக்கு இருக்கவில்லை. மட்பாண்டம் உடைந்தால் மண்ணோடு சேர்ந்தது. ஓலைப்பெட்டி உக்கி உரமாயிற்று. செம்புக் குடம் நெளிந்தால் கன்னாரின் கையில் மீண்டும் குடமாயிற்று. ஆனால் இன்று எமது வீடுகளின் அலுமாரிகளுக்கு மேலும் அலுவலகங்களின் களஞ்சிய அறைகளிலும் தூசு படிந்து கிடக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும், கணினிகளும், கையடக்கத் தொலைபேசிகளும் அவ்வாறு மண்ணோடு சேர்வனவல்ல. அவற்றை என்ன செய்வது என்பது பலருக்கும் தெரியாதிருப்பதனாலேயே அவை அங்குக் கிடக்கின்றன.

இவ்வகைக் கழிவின் பெருக்கம் வியக்கத்தக்கது. ஐக்கிய நாடுகள் பயிற்சி ஆய்வு நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 62 மில்லியன் தொன் மின், இலத்திரனியற் கழிவு உண்டானதாகக் கூறுகின்றது. 2010 ஆம் ஆண்டில் இத்தொகை 34 மில்லியன் தொன்னாக இருந்தது. 2022 இல் உண்டானதில் முறையாகத் திரட்டப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மாத்திரமே. எஞ்சிய பெரும்பகுதி எங்குச் சென்றது, யார் கையில் பிரிக்கப்பட்டது, எந்த மண்ணில் புதைந்தது என்பதற்கு முறையான பதிவில்லை.

இக்கழிவின் இயல்பையும், அதனை அகற்றும் முறைகளின் விளைவுகளையும், எமது நாட்டில் செய்யத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முயல்கின்றோம். நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. இப்பொருட்களில் விலைமதிப்பும் நஞ்சும் ஒரே கலத்தில் அடங்கியுள்ளன. விலைமதிப்புள்ளதை எடுத்துக்கொள்பவரே நஞ்சுக்கும் பொறுப்பேற்குமாறு செய்வதுதான் பொறுப்பான அகற்றல் ஆகும்.

ஒரே கலத்தில் இரண்டும்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியை முதலில் நோக்குவோம். அதன் உள்ளே இருப்பது கதோட்டுக் கதிர்க்குழாய். அக்குழாயில் இலத்திரன்கள் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தத்தால் முடுக்கப்பட்டுத் திரையில் மோதும்போது எக்ஸ் கதிர்களும் தோன்றுகின்றன. அக்கதிர்கள் பார்ப்பவரை அடையாது தடுக்கும் பொருட்டுக் குழாயின் கண்ணாடியில் ஈயவொட்சைட்டுச் சேர்க்கப்பட்டது. குழாயின் பின்புறத்திலுள்ள புனலுருவக் கண்ணாடியின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் நாலிலொரு பங்கு வரை ஈயவொட்சைட்டாகும். ஆகவே ஒரு பெட்டியிலேயே கிலோகிராம் அளவில் ஈயம் அடங்கியிருக்கலாம். மனிதரைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருளே, பெட்டி உடைந்தபின் மனிதருக்குத் தீங்காக மாறுகின்றது.

மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புக்களை ஒட்டுவதற்கு நெடுங்காலம் பயன்பட்ட பற்றாசு, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கலப்புலோகம். இக்கலவை 183 பாகை செல்சியசில் உருகுவதால் தொழிலுக்கு மிக வாய்ப்பானதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் திகதி முதல் புதிய இலத்திரனியற் பொருட்களில் ஈயம், பாதரசம், கட்மியம் முதலியவற்றைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் ஈயமற்ற பற்றாசு உலகெங்கும் பரவியது. ஆயினும் அதற்கு முற்பட்ட பொருட்களே இன்று கழிவாக வெளிவருவனவற்றுள் கணிசமானவை. பழைய மின்கலங்கள் சிலவற்றில் கட்மியமும், குழாய் மின்விளக்குகளிலும் பழைய தட்டைத் திரைகளின் பின்விளக்குகளிலும் பாதரசமும், பல பிளாத்திக்கு உறைகளில் தீப்பற்றாது தடுக்கும் புரோமின் சேர்வைகளும் உள்ளன.

இவை பொருள் பயன்பாட்டில் இருக்கும்போது தீங்கு விளைப்பனவல்ல என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கண்ணாடிக்குள் கட்டுண்ட ஈயம் வரவேற்பறையில் எவரையும் நோயாளியாக்குவதில்லை. தீங்கு, அது உடைக்கப்படும்போதும் எரிக்கப்படும்போதும் அமிலத்தில் இடப்படும்போதுமே தொடங்குகின்றது. எனவே வீட்டில் ஒரு பழைய பெட்டி இருப்பதையிட்டு அஞ்சத் தேவையில்லை. அது வீட்டை விட்டு எவ்வாறு வெளியேறுகின்றது என்பதே கவனிக்கத்தக்கது.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். பொன் துருப்பிடிப்பதில்லை, மின்னையும் நன்கு கடத்தும். ஆதலால் இணைப்பு முனைகளில் மெல்லிய பொன் பூச்சு இடப்படுகின்றது. பொன் அகழும் சுரங்கங்களில் ஒரு தொன் தாதுவிலிருந்து சில கிராம் பொன்னே பொதுவாகக் கிடைக்கின்றது. மின்கலம் நீக்கிய கையடக்கத் தொலைபேசிகள் ஒரு தொன் சேர்ந்தால் அவற்றில் சில நூறு கிராம் பொன் இருக்கும். இதனுடன் வெள்ளி, பலேடியம், பெருமளவு செம்பு என்பனவும் உள. யப்பான் நாட்டினர் 2017 ஏப்பிரல் முதல் 2019 மார்ச் வரை பொதுமக்களிடமிருந்து பழைய சிறு மின்பொருட்களைத் திரட்டினர். சுமார் 79,000 தொன் பொருட்களும், 62 இலட்சம் வரையிலான கையடக்கத் தொலைபேசிகளும் சேர்ந்தன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 32 கிலோகிராம் பொன்னும் 3,500 கிலோகிராம் வெள்ளியும் எடுக்கப்பட்டன. தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக் விழாவிலும் வழங்கப்பட்ட ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் அவ்வாறு பெற்ற உலோகத்தினாலேயே ஆக்கப்பட்டன. குப்பை என நாம் ஒதுக்குவது ஒருவகைச் சுரங்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புதைத்தல், எரித்தல், கரைத்தல்

சுரங்கத்தில் இறங்குபவர் யார், எவ்வாறு இறங்குகின்றார் என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. முறையற்ற அகற்றல் பெரும்பாலும் மூன்று வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, புதைத்தல் அல்லது குப்பைமேட்டில் கொட்டுதல். தனித்த நீரில் கண்ணாடியிலுள்ள ஈயம் எளிதிற் கரைவதில்லை என்பது உண்மையே. ஆனால் உணவுக் கழிவும் இலைகுழையும் அழுகும் குப்பைமேட்டில் அசற்றிக்கமிலம் போன்ற சேதன அமிலங்கள் உண்டாகின்றன. அவ்வமில நீரில் ஈயமும் கட்மியமும் கரைந்து கீழிறங்குகின்றன. கழிவொன்று நச்சுத்தன்மையுடையதா என்பதை அறிய ஐக்கிய அமெரிக்காவில் செய்யப்படும் சோதனையிலும் அசற்றிக்கமிலமே பயன்படுத்தப்படுவது இதனாலாகும். ஆகவே இலத்திரனியற் பொருளை வீட்டுக் குப்பையோடு சேர்த்தல், நஞ்சையும் அதனைக் கரைக்கும் திரவத்தையும் ஓரிடத்தில் வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எரித்தல். செம்பைப் பெறுவதற்காக வயர்களைக் கொளுத்தும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. வயரின் உறை பொலிவைனைல் குளோரைட்டு என்னும் பிளாத்திக்கினால் ஆனது. அதில் குளோரின் உண்டு. குறைந்த வெப்பநிலையில் புகைந்து எரியும்போது அக்குளோரின் டயொக்சின்கள் எனப்படும் கொடிய சேர்வைகளாக மாறுகின்றது. செம்பே இத்தாக்கத்துக்கு ஊக்கியாகவும் தொழிற்படுகின்றது. டயொக்சின் கொழுப்பிற் கரைந்து நிலைப்பது. பசுவின் பாலிலும் கோழி முட்டையிலும் மீனிலும் சேர்ந்து, ஈற்றில் தாய்ப்பாலையும் அடைவது. எரித்தவன் புகை கலைந்ததும் வேலை முடிந்தது என எண்ணுகின்றான். உண்மையில் அப்போதுதான் அதன் பயணம் தொடங்குகின்றது.

மூன்றாவது, அமிலத்திற் கரைத்தல். பொன்னைப் பிரித்தெடுக்கும் பொருட்டுச் சுற்றுப் பலகைகளை நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த திரவத்தில் இடுவர். பொன் எடுத்தபின் எஞ்சும் திரவத்தில் ஏனைய உலோகங்கள் யாவும் கரைந்திருக்கும். அத்திரவம் பெரும்பாலும் வாய்க்காலிலோ நிலத்திலோ ஊற்றப்படுகின்றது.

இவற்றோடு அண்மைக்காலத்தில் நான்காவது ஆபத்தொன்றும் சேர்ந்துள்ளது. கையடக்கத் தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள இலிதியம் மின்கலங்கள் நசுக்கப்பட்டால் அல்லது துளைக்கப்பட்டால் உட்புறத்தில் மின்குறுக்கு ஏற்பட்டுத் தாமே வெப்பமடைந்து தீப்பற்றும். குப்பை ஏற்றும் பாரவூர்தியில் இவை நசுங்குவதால் உண்டாகும் தீவிபத்துக்கள் பல நாடுகளில் வழமையாகிவிட்டன.

குயியூவும் தியாரோயும்

இவை ஏட்டளவான அச்சங்கள் அல்ல என்பதற்குச் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள குயியூ என்னும் ஊர் சான்றாகும். 1990 களிலிருந்து செல்வந்த நாடுகளின் பழைய கணினிகள் அவ்வூருக்கு வந்து குவிந்தன. வீட்டு முற்றங்களிலே பலகைகள் சுடப்பட்டன. ஆற்றங்கரையிலே அமிலம் ஊற்றப்பட்டது. நிலத்தடி நீர் குடிக்கத் தகாததாகியமையால் நல்ல நீர் வெளியூர்களிலிருந்து ஊர்திகளிற் கொண்டுவரப்பட்டது.

2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று குயியூவிலும் அயலூரான சென்டியனிலும் ஆறு வயதுக்குட்பட்ட 226 குழந்தைகளின் குருதியை ஒப்பிட்டது. குயியூக் குழந்தைகளின் குருதியில் ஒரு தெசிலீற்றருக்குச் சராசரி 15.3 மைக்கிரோகிராம் ஈயம் இருந்தது. சென்டியனில் இது 9.94 மைக்கிரோகிராம். அக்காலத்தில் 10 மைக்கிரோகிராம் அளவே கவலைக்குரிய எல்லையாகக் கொள்ளப்பட்டது. குயியூவில் 81.8 சதவீதமான குழந்தைகள் அவ்வெல்லையைக் கடந்திருந்தனர், சென்டியனில் 37.7 சதவீதத்தினர் கடந்திருந்தனர். இன்றோ, குழந்தைகளின் குருதியில் தீங்கற்றது எனத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஈயம் உடலில் கல்சியத்தைப் போன்று நடிக்கும் இயல்புடையது; வளரும் எலும்பிலும் மூளையிலும் இடம்பிடிப்பது. ஒரே அளவை உட்கொண்டாலும் குழந்தையின் உடல் வளர்ந்தவரினும் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சக்கூடும். மூளை வளர்ச்சியில் நேரும் இழப்புப் பின்னர் ஈடுசெய்யக்கூடியதன்று.

மேற்கு ஆபிரிக்காவில் செனெகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோயில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. அங்குப் பழைய வாகன மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் தொழில் பல ஆண்டுகள் நடைபெற்றது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது, அத்தொழிலால் மண்ணிற் படிந்திருந்த ஈயத்தையும் மக்கள் அரித்தெடுத்து விற்கத் தலைப்பட்டனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களுள் 18 குழந்தைகள் இறந்தனர். தாய்மார் மண்ணை அரிக்கையில் அருகில் விளையாடிய குழந்தைகள் அவர்கள். அதே வகை ஈய அமில மின்கலமே இன்று கணினிகளுக்கான தடையில்லா மின்வழங்கிகளிலும் வீட்டுச் சூரியமின் தொகுதிகளிலும் எம்மிடையே உள்ளது.

விலையின் விதி

குயியூவிலும் தியாரோயிலும் வேலை செய்தவர்கள் தீயவர்களல்லர். அறியாமை ஒன்றே காரணம் என்பதும் பொருந்தாது. இதற்கு ஒரு பொருளாதார விதி அடிப்படையாக உள்ளது. அதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம்.

ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள பழைய கணினிகளை ஏலத்தில் விடுகின்றது எனக் கொள்வோம். அவற்றிலுள்ள உலோகங்களின் பெறுமதி 100,000 ரூபா; ஈயக் கண்ணாடியையும் மின்கலங்களையும் ஏனைய நச்சுப் பகுதிகளையும் முறையாக அகற்றுவதற்கு ஆகும் செலவு 40,000 ரூபா. இத்தொகைகள் விளக்கத்தின் பொருட்டே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. நஞ்சுக்கும் பொறுப்பேற்கும் ஒருவர் 60,000 ரூபாவுக்கு மேல் ஏலங்கேட்க இயலாது. கண்ணாடியை ஒரு பள்ளத்திற் கொட்டி, வயரைக் கொளுத்திச் செம்பை எடுப்பவரோ 90,000 ரூபா வரை கேட்கலாம். ஏலம் யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் தனக்கு 30,000 ரூபா மேலதிக வருமானம் கிடைத்ததாகக் கணக்கெழுதும். ஆனால் அப்பணம் எங்கிருந்தோ புதிதாகத் தோன்றியதன்று. அது ஓர் ஊரின் கிணற்று நீரிலிருந்தும், அவ்வூர்ச் சிறுவர்களின் குருதியிலிருந்தும் எடுக்கப்பட்டது.

எமது அரச திணைக்களங்களும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பயன்படாத பொருட்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்துக் கழித்து ஏலம் விடும் வழக்கமுடையன. மேசைக்கும் கதிரைக்கும் அவ்வழக்கம் பொருத்தமானதே. இலத்திரனியற் பொருளுக்கு அதனை அவ்வாறே பயன்படுத்துவது, நஞ்சை எவர் மிக மலிவாகக் கைவிடுவாரோ அவரிடமே அதனைக் கொண்டு சேர்ப்பதாகும். உயர்ந்த விலை என்பது இவ்விடயத்தில் நல்ல அறிகுறி அன்று, ஐயுறவேண்டிய அறிகுறியாகும்.

நாடுகளுக்கிடையிலும் இதே விதி தொழிற்படுகின்றது. செல்வந்த நாட்டில் முறையாக அகற்றுவதிலும் வறிய நாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் மலிவு. இதனைக் கட்டுப்படுத்தும் பொருட்டே 1989 இல் பாசல் சமவாயம் நிறைவேற்றப்பட்டு 1992 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1992 ஆம் ஆண்டிலேயே அதில் இணைந்துகொண்டது. செல்வந்த நாடுகள் ஏனைய நாடுகளுக்கு அபாயகரமான கழிவுகளை அனுப்புவதைத் தடைசெய்யும் திருத்தம் 1995 இல் ஏற்கப்பட்டபோதிலும் 2019 டிசெம்பரிலேயே வலுப்பெற்றது. 2022 இல் ஏற்கப்பட்டு 2025 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மற்றொரு திருத்தத்தின்படி, அபாயகரமானதாயினும் அன்றாயினும் இலத்திரனியற் கழிவு எதனையும் பெறும் நாட்டின் முன்சம்மதமின்றி அனுப்புதல் ஆகாது. ஆயினும் பாவித்த பொருள் என்ற பெயரில், உண்மையில் இயங்காத பொருட்கள் எல்லை கடக்கும் வாயில் முற்றாக அடைபட்டுவிடவில்லை.

விலையின் விதியை மாற்றுவதற்குச் சில நாடுகள் கண்ட வழி, உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் பொருளின் இறுதிவரை பொறுப்பாக்குவதாகும். சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லின்ட்குவிஸ்ட் என்பவர் 1990 ஆம் ஆண்டில் இக்கொள்கைக்கு வடிவம் கொடுத்தார். சுவிற்சர்லாந்தில் புதுப்பொருள் வாங்கும்போதே அதனைப் பின்னர் அகற்றுவதற்கான சிறு கட்டணம் விலையுடன் சேர்த்து அறவிடப்படுகின்றது. யப்பானில் 2001 முதல் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி முதலிய பெரும் பொருட்களைக் கழிப்பவர் கட்டணம் செலுத்துகின்றார். முறைகள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. நஞ்சை அகற்றும் செலவு எவராலோ முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றது. ஆகவே அச்செலவைத் தவிர்ப்பவருக்கு ஏலத்தில் மேலிடம் கிடைப்பதில்லை.

எமது நாட்டு நிலை

இலங்கையில் தேசியத் தொலைக்காட்சிச் சேவையான ரூபவாகினி 1982 இல் ஆரம்பிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து நாடெங்கும் பரவிய கதோட்டுக் கதிர்க்குழாய்ப் பெட்டிகள் தட்டைத் திரைகளின் வருகையால் வழக்கிழந்துவிட்டன. அவற்றில் விலைபோகும் செம்புச் சுருள்களைக் கழற்றியபின் குழாயை வாங்குவார் இல்லை. விலைமதிப்பும் நஞ்சும் பிரிக்கப்பட்டமைக்கு, வேலியோரத்தில் உடைந்து கிடக்கும் படக்குழாயே கண்கூடான எடுத்துக்காட்டாகும்.

சட்டம் எம்மிடம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளைச் சேகரித்தல், கொண்டுசெல்லல், களஞ்சியப்படுத்தல், மீள்சுழற்சி செய்தல், அகற்றல் ஆகியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதிக்கின்றது. இலத்திரனியற் கழிவும் இவ்வகையுள் அடங்கும். எனவே ஒரு நிறுவனம் தன் கழிவை ஒப்படைக்குமுன் பெறுபவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா எனக் கேட்பது மரியாதைக் குறைவன்று; கடமையாகும்.

குடாநாட்டவரான வாசகர்கள் இவ்விடயத்தில் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. குடிநீரும் பயிர்நீரும் மிகப் பெரும்பாலும் கிணறுகளிலிருந்தே பெறப்படுகின்றன. நிலத்தடியிலுள்ளது மயோசீன் காலச் சுண்ணக்கல். வெடிப்புக்களும் குகைகளும் நிறைந்த அப்பாறையின்மேல் மண்படை மெல்லியது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே விரைவில் நீரைச் சென்றடையும். சுன்னாகத்தில் எண்ணெய்க் கழிவு சுற்றயற் கிணறுகளிற் கலந்தமை தொடர்பாக 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு யாவரும் அறிந்ததே. எண்ணெய் நீரில் மிதந்து கண்ணுக்குத் தெரிந்தது. மணத்தாலும் தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஈயத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. பாழ்கிணற்றைக் குப்பைக் கிடங்காக்கும் பழக்கம் எந்தக் கழிவுக்கும் தகாதது. இக்கழிவுக்கு முற்றாகத் தகாதது.

அதே வேளையில் எமது அனுபவத்தில் போற்றத்தக்க கூறு ஒன்றும் உண்டு. 1990 ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. மின்கலங்கள் கொண்டுவரத் தடையிருந்தது. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பழுதான எதனையும் எறியாது, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தி இயக்கினர். அத்திறன் வறுமையும் போரும் கற்பித்தது. அதனை மீண்டும் விரும்புவார் இல்லை. எனினும் திருத்தக்கூடிய பொருளைத் திருத்திப் பயன்படுத்துதலே கழிவு உண்டாகாமற் காக்கும் முதல் வழி என்பதனால், அத்திறனைப் பேணும் சிறு திருத்தகங்கள் எமது ஊர்களில் இன்றும் இயங்குவது ஒரு செல்வமாகும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டு, வீட்டினர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகளை முதலிற் கூறுவோம்.

1. புதிதாக வாங்குமுன், பழையதைத் திருத்த முடியுமா என ஆராய்தல் வேண்டும். இயங்கும் பொருளாயின் அதனைப் பயன்படுத்தக்கூடிய மாணவருக்கோ பாடசாலைக்கோ வழங்கலாம். இயங்காத பொருளை நன்கொடையாக வழங்குவது கொடையன்று. எமது சுமையைப் பிறர்மேல் ஏற்றுவதாகும்.

2. கணினியையும் தொலைபேசியையும் கையளிக்குமுன் அவற்றிலுள்ள தகவல்களை நீக்குதல் வேண்டும். கோப்புக்களை அழித்தல் மாத்திரம் போதாது, அழித்தவை மீட்கப்படக்கூடும். சேமிப்புத் தட்டை முற்றாக மேலெழுதி அழித்தல் அல்லது தொலைபேசியைத் தொடக்க நிலைக்கு மீட்டல் அவசியம். தகவல் வெளிப்படும் என்ற அச்சமே பலர் பழைய பொருளை ஒப்படைக்காது பூட்டி வைப்பதற்குக் காரணம் என்பதனால் இது சிறு விடயமன்று.

3. கழற்றக்கூடிய மின்கலங்களை வேறாக எடுத்து, முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். உப்பிய இலிதியம் மின்கலத்தை அமுக்கவோ துளைக்கவோ மின்னேற்றவோ கூடாது. உலர்ந்த மணல் இட்ட உலோகப் பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே வைத்து விரைவில் ஒப்படைத்தல் வேண்டும். ஈய அமில மின்கலத்தின் அமிலத்தை ஒருபோதும் நிலத்தில் ஊற்றலாகாது. அதனை முழுமையாகவே திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

4. தொலைக்காட்சிப் பெட்டியைத் தாமே திறத்தலோ உடைத்தலோ ஆகாது. குழாயினுள் வெற்றிடம் இருப்பதால் அது சிதறக்கூடும். மின்னிணைப்பை நீக்கிய பின்னும் உயர் அழுத்த மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.

5. குழாய் மின்விளக்கு உடைந்தால் யன்னல்களைத் திறந்து, பத்து நிமிடமளவு அறையை விட்டு நீங்குதல் வேண்டும். பின்னர் தும்புத்தடியாற் கூட்டாது, தடித்த கடதாசியால் அள்ளி, மூடியுள்ள போத்தலில் இடுதல் நன்று.

6. ஒப்படைக்கும்போது அனுமதிபெற்ற சேகரிப்போரிடமோ, உள்ளூராட்சி மன்றமோ விற்பனை நிறுவனமோ ஒழுங்குசெய்யும் சேகரிப்பு நாட்களிலோ ஒப்படைத்தல் வேண்டும். பொருளை முழுமையாகக் கொடுத்தல் இன்றியமையாதது. செம்பை மாத்திரம் கழற்றி விற்றபின் எஞ்சியதைப் பெறுவதற்கு எவரும் முன்வரார்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை நாம் கூறுவது ஒன்றே. இலத்திரனியற் பொருட்களைப் பொது ஏலத்திலிருந்து நீக்குதல் வேண்டும். அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம் மாத்திரமே விலைமனுக் கோரி, நச்சுப் பகுதிகள் எங்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பதற்கு எழுத்துமூலச் சான்று பெறுதல் வேண்டும். வருமானம் குறையலாம். அக்குறைவே நாம் எமது அயலாருக்குச் செலுத்தவேண்டிய கடன்.

வீடுவீடாகச் சென்று பழைய இரும்பும் போத்தலும் வாங்கும் சிறு வியாபாரியை இவ்வொழுங்கிலிருந்து ஒதுக்குதல் நியாயமும் அன்று, பயன் தருவதும் அன்று. எந்த அதிகார சபையாலும் எட்டமுடியாத ஒழுங்கைகளுக்குள் செல்பவர் அவரே. நஞ்சுக்கு முதலிற் பலியாகுபவரும் அவரே. வயரை எரிக்காது உறை உரிக்கும் சிறு பொறியையும், முழுப் பொருளை அனுமதிபெற்ற நிலையத்துக்குக் கொண்டுவந்தால் நியாயமான விலையையும் அவருக்கு அளிப்பின், அவர் தம் தொழிலை இழவாமலே தீமையிலிருந்து விலகுவார். கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்பொக்புளோசி என்னும் பெரிய உடைப்புக் களம் 2021 யூலையில் ஒரேயடியாக அகற்றப்பட்டபோது, தொழில் ஒழியவில்லை. நகரின் வேறிடங்களுக்குச் சிதறியது. இப்படிப்பினை எமக்கும் உரியது.

முடிவுரை

இலத்திரனியற் பொருட்கள் எமது வாழ்வை வளப்படுத்தியுள்ளன என்பதை மறுப்பார் இல்லை. அவற்றை விலக்கி வாழுமாறு நாம் கூறவுமில்லை. ஒரு பொருளை வாங்கும்போது அதன் பயனை மாத்திரமன்றி அதன் முடிவையும் சேர்த்தே வாங்குகின்றோம் என்பதே இக்கட்டுரையாற் பெறப்படுவது. எறிதல் என்று நாம் சொல்லும் செயலினால் எதுவும் இல்லாமற் போவதில்லை. எம் கண்ணுக்கெட்டாத ஒரு முற்றத்துக்கு அது இடம் மாறுகின்றது. அம்முற்றத்திலும் குழந்தைகள் விளையாடுகின்றனர்.

பல்கலைக்கழகங்கள் ஆய்வுகூடங்களிலும் கணினி அறைகளிலும் இப்பொருட்களைப் பெருமளவில் வைத்திருப்பன. வேதியியலும் பொருளியலும் சட்டமும் ஒருங்கே கற்பிக்கப்படும் இடங்களும் அவையே. ஆகவே இப்பணியை எங்கே தொடங்குவது என்ற வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எமது களஞ்சிய அறையின் கதவைத் திறந்து, அங்குள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுவதிலிருந்தே தொடங்கலாம்.